மெட்டு கையில் இருக்கிறது, வரி வரவில்லையா? முதல் பல்லவி எழுதிப் பார்க்கலாம்

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளத்து ஆரியங்காவு. எனக்கு மெட்டுப் போட்டுத் தரும் சேட்டன் அங்கேதான் இருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வாசிக்கத் தெரியாது. நான் மலையாளம் பேசுவேன், எழுத வராது. 1956 நவம்பர் வரை எங்கள் செங்கோட்டை கேரளத்துப் பக்கம் இருந்த ஊர், அதனால் இரண்டு மொழியும் காதில் விழுந்தே வளர்ந்தோம். எங்களுக்குள் காகிதம் கிடையாது. அவர் போனில் பாடி அனுப்புவார், நான் வரியைப் பாடித் திருப்பி அனுப்புவேன். பாட்டு காதால் எழுதுகிற விஷயம் என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

எழுதிய கவிதைக்கு மெட்டுப் போடுவது ஒரு வழி. கொல்லம் பக்கத்துப் பரவூர்க்காரரான மலையாளத் திரை இசையமைப்பாளர் தேவராஜன் மாஸ்டர் அந்த வழியை விரும்பியவர். தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வரி பின்னால் வரும். இங்கே அந்த இரண்டாவது வழியைச் சொல்கிறேன். புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் மெட்டு உங்களை வளவளவென்று எழுத விடாது.

1. மெட்டைத் தத்தகாரமாக எழுதுங்கள்

மெட்டைப் பத்துத் தடவையாவது கேளுங்கள். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். சொல் எதுவும் யோசிக்காமல் ‘தன’, ‘தான’, ‘தன்ன’ என்று கூடவே முனகி, அதைத் தாளில் எழுதுங்கள். சேட்டன் போன ஆடியில் அனுப்பிய ஒரு மெட்டு இப்படி இறங்கியது:

தான தான தான தானா
தான தான தானா

மூன்றெண்ணிக்கை நடை, அதாவது திஸ்ரம். ஒரு ‘தான’வுக்கு ஒரு தட்டு. முதல் வரிக்கு நான்கு தட்டு. இரண்டாவது வரியில் சொல்லுக்கு மூன்று தட்டுதான், ஆனால் கடைசி ‘னா’ நான்காவது தட்டு முழுக்க நீண்டு நிற்கிறது. அந்த நீளும் இடத்தை வட்டம் போட்டு வையுங்கள். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கும்.

மெட்டோடு டம்மி வரி வந்தால் கவனமாக இருங்கள். சேட்டன் வாய்க்கு வந்த மலையாளச் சொற்களைப் போட்டுத்தான் பாடுவார். முதல் பாட்டில் அவை என் காதில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் போகவே இல்லை. நான் எழுதியதெல்லாம் அந்தச் சொற்களின் சாயலிலேயே வந்தது. இப்போது முதல் வேலையாக டம்மியைத் தத்தகாரமாக மாற்றி, நானே பாடிப் பதிந்துகொள்கிறேன். பிறகு அவர் அனுப்பியதைத் திறப்பதில்லை.

2. சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் உரைநடையாக எழுதுங்கள்

அழகாக இருக்க வேண்டாம். நான் எழுதியது: மலைக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன அம்மாவை எதிர்பார்த்து, புளியரை பஸ் ஸ்டாப்பில் ஒரு பிள்ளை நிற்கிறது, சாரல் விழுகிறது. அவ்வளவுதான். இந்த வாக்கியம் இல்லாமல் எழுத ஆரம்பித்தால் நிலவும் தென்றலும்தான் வரும்.

3. ஒலி அளவு பார்த்துச் சொல்லைப் பொருத்துங்கள்

இங்கேதான் நிறைய நேரம் போகும். போகட்டும்.

பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு இதற்கு உதவும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. ‘தா’ இருக்கும் இடத்தில் நெடில் வரலாம், அல்லது ‘வந்’, ‘நின்’ போலக் குறிலும் ஒற்றும் சேர்ந்து வரலாம். ‘ன’ இருக்கும் இடத்தில் குறில். ‘வானம்’ என்பதில் ‘னம்’ குறிலிடத்தில் விழுகிறதே என்று கேட்பீர்கள். சொல்லின் கடைசி ஒற்று பாடும்போது கரைந்துவிடும், பயம் வேண்டாம்.

நான் முதலில் ‘அம்மா வருவாள் என்று’ என ஆரம்பித்தேன். ‘வருவாள்’ என்ற சொல்லில் ‘வரு’ என்று இரண்டு குறில் அடுத்தடுத்து வருகிறது. மெட்டோ அங்கே நீளமாக ‘தா’ என்கிறது. பாடினால் ‘வாருவாள்’ ஆகிறது. சரி, வேண்டாம். பிறகு வந்தது:

பாதை பார்த்து நானும் நின்னேன்
பாதி வானம் சாரல்

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சாரல் எங்கள் ஊர்ச் சொல், ஆனி ஆடியில் வீடு முழுக்க அதன் வாசம்தான். சேட்டன் பாடி அனுப்பியதைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. வட்டம் போட்ட இடத்தில் ‘ரல்’ நிற்கவில்லை. நீட்டினால் ‘சாரால்’ என்று இல்லாத சொல் பிறக்கிறது, நீட்டாவிட்டால் ஒரு தட்டு முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது.

நீளும் இடத்தில் நெடில் வேண்டும். அதன் பின் ஒற்று வந்தே தீர வேண்டுமென்றால் ம், ன் போன்ற மெல்லினம் நல்லது, வாயை மூடியும் முனகலாம். ‘பார்த்து’, ‘வந்து’ போன்ற சொற்களை அங்கே வைக்கவே கூடாது. அந்தக் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். மலையாளத்தில் இந்த அரை உகரத்துக்குச் சந்திரக்கலை என்ற பிறைக் குறி போட்டுக் காட்டிவிடுகிறார்கள். தமிழில் அடையாளம் எதுவும் இல்லாததால் புதியவர்கள் இங்கே விழுகிறோம். இன்னொன்று: சுரம் உச்சிக்குப் போகும் இடத்தில் ஆகாரம் கொடுங்கள். இகரமும் உகரமும் வந்தால் பாடுகிறவர் தொண்டை இறுகும்.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் சாதாரணமாக, “மலையவே காணோம்” என்றார். காணோம்! நெடில், பின்னால் மகரம். ‘பாதி வானம் காணோம்’ அங்கேயே வந்துவிட்டது. சாரல் அடுத்த வரிக்கு, நீளாத இடத்துக்குப் போனது.

பாதை பார்த்து நானும் நின்னேன்
பாதி வானம் காணோம்
சாரல் கூட வந்து போச்சே
தாயை மட்டும் காணோம்

4. மோனை எதுகையைச் சரிபாருங்கள்

வரி ஓரளவு நின்ற பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். முதலிலேயே எதுகை தேடினால் அது இழுத்த பக்கம் பொருள் ஓடும். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. முதல் எழுத்தின் அளவு ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றாகவோ அதே மெய்யின் வரிசையில் வருவதாகவோ இருந்தால் எதுகை. ‘பாதை’, ‘பாதி’ இரண்டுக்கும் பொருந்தும். சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும், ஞகரத்துக்கு நகரமும் மோனையாக வரலாம், அதனால் ‘சாரல்’, ‘தாயை’ கூட மோனைதான். சேட்டனுக்கும் இது புதிதில்லை. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த லீலாதிலகம் என்ற இலக்கண நூல், பாட்டு என்றால் அதில் எதுகையும் மோனையும் வேண்டும் என்றே சொல்கிறது.

ஆனால் சேட்டன் பாடிக்கொண்டே வந்தவர் நான்காவது வரியில் நின்றுவிட்டார். “தம்பி, எந்தப் பிள்ளை தாய் என்று கூப்பிடும்?”

பதில் சொல்ல முடியவில்லை. மோனைக்காகத்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தேன். ‘அம்மா மட்டும் காணோம்’ என்று மாற்றினால் மோனை போகிறது, குறிலிடத்தில் ‘மா’ என்று நெடிலும் விழுகிறது. கணக்குப்படி தப்பு. ஆனால் அவர் அந்த இடத்தில் மெட்டை லேசாக வளைத்தார். ‘மா’வில் அரைத் தட்டு கூடுதலாக நின்று, ‘மட்டும்’ என்பதைச் சட்டென்று சொல்லி, ‘காணோம்’ மேல் சரியாக வந்து இறங்கினார். அந்தச் சின்னத் தயக்கத்தில் பிள்ளையின் குரல் கேட்டது. மெட்டமைக்கிறவரோடு பேசிப் பேசி எழுத வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்திருந்தால்தான் எந்த இடத்தில் அதை மீறலாம் என்று கேட்க முடியும்.

5. சரணம்

பல்லவி நின்றுவிட்டால் சரணம் அவ்வளவு கடினமில்லை. பல்லவியில் சொன்னதையே திரும்பச் சொல்லாதீர்கள், புதிதாக ஒரு பொருளைக் காட்டுங்கள். நான் கொடியில் காயாமல் தொங்கும் சேலையை எடுத்துக்கொண்டேன்.

நேத்துக் கட்டி வந்த சேலை
ஈரம் ஆறும் முன்னே

6. கேட்டவரை எழுதச் சொல்லுங்கள்

பாட்டைப் பதிந்து, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். காதில் விழுந்த வரியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் எழுதித் தந்ததில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர: ‘ஈர மாறும் முன்னே’. ‘ஈரம் ஆறும்’ சேர்த்துப் பாடும்போது ‘ஈரமாறும்’ ஆகி, மாறுகிற ஈரமாக அவள் காதில் விழுந்திருக்கிறது. அன்றிரவே ‘ஈரம் காயும் முன்னே’ என்று திருத்திப் பாடி ஆரியங்காவுக்கு அனுப்பினேன். சேட்டன் காலையில் அதைப் பாடித் திருப்பி அனுப்பியிருந்தார், பின்னால் மழைச் சத்தம் கேட்டது.