புரட்டாசியிலேயே வைப்பரை மாற்றிவிடுங்கள்: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று எங்கிருந்தோ சென்னைக்குக் குடிவந்து, வீடு, கேஸ் சிலிண்டர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அலைந்து முடித்து, கடைசியில் ஒரு செகண்ட்ஹேண்ட் காரும் வாங்கியாகிவிட்டது என்றால், இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி. வைப்பர் பிளேடு. சிரிக்காதீர்கள். நானும் கிள்ளானிலிருந்து வந்தவன்தான், எனக்கும் இது முதல் மழையில்தான் உறைத்தது.

கிள்ளானில் வருஷம் முழுக்க மழை, வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கும், ரப்பர் தேய்ந்தால் உடனே தெரிந்துவிடும். இங்கே கதை வேறு. பொங்கல் முடிந்தால் மே வரைக்கும் பெரும்பாலும் மழையே கிடையாது, வைப்பர் கண்ணாடிமேல் சும்மா படுத்துக் கிடக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், தெருவில் நிறுத்திய காரின் கண்ணாடி தோசைக்கல் மாதிரி காய, அதில் ஒட்டிக் கிடக்கும் ரப்பரின் ஓரம் ஒரு பக்கமாக மடிந்து, விறைத்து, மெல்லிசாக வெடித்துப்போகும். தள்ளி நின்று பார்த்தால் புதுசு மாதிரியேதான் இருக்கும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை வரும். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் பெய்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று பாட்டி சொன்னது இந்த ஊரை வைத்துத்தான் போலிருக்கிறது.

அப்படி ஒரு ஐப்பசி ராத்திரி, துரைப்பாக்கம் பக்கம் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), என் வைப்பர் கர்ர்ர் என்று கத்திக்கொண்டு ஓடியது, ஆனால் சரியாக என் கண் உயரத்தில் மட்டும் ஒரு பட்டை துடைபடவே இல்லை. முன்னால் போன தண்ணி லாரியின் சிவப்பு விளக்கு, ஈரத்தில் கரைந்த குங்குமம் மாதிரி கண்ணாடி முழுக்கப் பரவியது, லாரி ஓடுகிறதா நிற்கிறதா என்றே புரியவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி, மழை விடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதனால் செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு காலையில் பார்த்துவிடுங்கள். முதலில் புதுசு வாங்க ஓடாதீர்கள். ஈரத்துணியை விரலில் சுற்றி ரப்பர் ஓரத்தை மெதுவாக இழுத்துத் துடையுங்கள், கண்ணாடியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் கடல் காற்றின் உப்பு, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர் என்றால் பிசுபிசுப்பு, எல்லாருக்கும் பொதுவாகப் புழுதி. இதையெல்லாம் எடுத்தாலே பாதி சத்தம் நின்றுவிடும். துடைத்த பிறகும் விரலுக்குச் சொரசொரவென்று பட்டாலோ, தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் கோடு விழுந்தாலோ, மாற்ற வேண்டியதுதான்.

வாங்கப் போகும் முன் இரண்டு பிளேடையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள், இன்ச்சில். நிறைய கார்களில் டிரைவர் பக்கத்துப் பிளேடு நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும், ஒன்றை அளந்துவிட்டு ஜோடியாக வாங்கி வந்து முழிப்பவர்கள் உண்டு. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உங்கள் ஏரியாவிலேயே ஒரு அக்சஸரீஸ் கடை இருக்கும். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பேர்போன இடம், ஆனால் பழைய ரப்பரை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? கடையில் போய் "வண்டிக்கு வைப்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், மலேசியாவில் காரைச் சொல்கிற மாதிரி "காடி" என்றும் சொல்லாதீர்கள். இங்கே வண்டி என்றால் பைக்கும்தான். "எந்த கார் சார், எந்த வருஷ மாடல்?" என்று கேட்பார், அதற்கு மாடல், வருஷம், அளவு மூன்றையும் சொல்லிவிட்டால் போதும். பிளேடைத் தாங்கும் இரும்புக் கையின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தால் அது ஹூக் டைப், இங்கே அதிகம் புழங்குவது அதுதான். சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். "ரப்பர் மட்டும் மாத்திக்கலாமே சார்" என்று மெக்கானிக் சொன்னால், இரும்புச் சட்டம் துருப்பிடிக்காமல் இருந்தால் சரி, மலிவாக முடியும். கடலோரம் குடியிருப்பவர்கள் முழு பிளேடாகவே வாங்கிவிடுங்கள்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் ஒரு தடித்த துண்டை எடுத்து வந்து கண்ணாடிமேல் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் திரும்பி அடித்தால் முன் கண்ணாடி விரிசல் விடும். எனக்கு விட்டது. முதலில் அரிசி அளவுப் புள்ளி, மறுவாரம் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் ஒரு முழக் கோடு. சரி, அந்தக் கதை போகட்டும்.

கையைத் தூக்கி நிறுத்துங்கள். பிளேடைக் கைக்குக் குறுக்காகத் திருப்பினால் நடுவில் ஒரு குட்டி பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதை அழுத்திக்கொண்டே பிளேடைக் கீழே, கையின் அடிப்பக்கமாகத் தள்ளினால் கொக்கியிலிருந்து நழுவி வந்துவிடும். மேலே இழுத்துப் போராடாதீர்கள், அது மாட்டும் திசை. புதியதைக் கொக்கிக்குள் நுழைத்து மேலே இழுங்கள், "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் ஓடுகிற ஓட்டத்தில் பிளேடு கழன்று பறந்துவிடும். சில கார்களில் வைப்பர் பானெட் ஓரத்துக்கு அடியில் பதுங்கியிருக்கும், அதைப் பலவந்தமாகத் தூக்கினால் பானெட் பெயின்ட் உரியும். அதை நிமிர்த்தி நிறுத்தும் முறை மேனுவலில் இருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சில பிளேடுகளில் ரப்பர் ஓரத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். அதை உருவாமலே ஓட்டிவிட்டு "டூப்ளிகேட் மால்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஆளை எனக்குத் தெரியும். (வேறு யார், என் மச்சான்தான்.)

அப்படியே பானெட்டைத் திறந்து, கண்ணாடியில் பீய்ச்சும் தண்ணீருக்கான டேங்கையும் பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து பீய்ச்சும் துளை அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் தண்ணீர் நல்லது. ஏற்கெனவே அடைத்திருந்தால் குண்டூசி போதும்.

இதை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்தால் மாடியிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எதிர் வீட்டு அங்கிள் அப்படித்தான் இறங்கி வந்தார், "தம்பி, நம்ம காருக்கும் ஒரு கை..." மூன்று வருஷமாகப் புரட்டாசி ஞாயிறு தவறாமல் வருகிறார். பிளேடு அவர் வாங்கி வருவார், துண்டு என்னுடையது.