ஷெட் பழசாகும், மண் பழசாகாது: தேய்மானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் இடத்தோடு சேர்த்து ஒரு ஷெட்டை 80 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் ஒரே தொகைதான் இருக்கும். கணக்கு எழுதுபவரும் அதை அப்படியே 'பில்டிங்' தலைப்பில் ஏற்றி, 10 சதவீதம் என்று 8 லட்சம் தேய்மானம் (சொத்து பழசாவதற்காக வருடாவருடம் செலவாகக் கழிக்கும் தொகை) போட்டுவிடுவார். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

வருமான வரியில் தேய்மானம் கட்டடத்துக்குத்தான். அது நிற்கும் மனைக்குக் கிடையாது. ஆல்ப்ஸ் தியேட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டது. அதனால் வாங்கும்போதே மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கிப் பிரித்துவிடுங்கள். நிலம் 50 லட்சம், கட்டடம் 30 லட்சம் என்று வருகிறது. சரி, பத்திரச் செலவு? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 7.2 லட்சம். இதை அந்த வருடச் செலவில் தள்ளக் கூடாது. சொத்தின் விலையோடு அதே விகிதத்தில் சேர வேண்டும்: நிலத்துக்கு 4.5, கட்டடத்துக்கு 2.7. இப்போது 32.7 லட்சத்துக்கு 10 சதவீதம், 3.27 லட்சம். அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் இதிலும் பாதிதான்.

அடுக்குமாடியில் ஆபீஸ் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். பத்திரத்தில் வரும் 'பிரிபடாத பாகம்' நிலம்தான், அதற்கும் தேய்மானம் இல்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. போர்வெல், உள்ளே போட்ட ரோடு எல்லாவற்றையும் நிலக் கணக்கிலேயே சேர்த்துவிட்டு, கிடைக்க வேண்டிய தேய்மானத்தைக் கோட்டைவிடுவது. வரி விதிகளில் சாலை, கிணறு, ஆழ்குழாய்க் கிணறு எல்லாம் கட்டடத்தில் அடக்கம். பள்ளமான இடத்தை மேடாக்க மண் கொட்டிய செலவு மட்டும் நிலத்தோடு போகும். தகர ஷெட்டைத் 'தற்காலிகக் கட்டுமானம்' என்று சொல்லி 40 சதவீதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது மரக்கொட்டகை மாதிரி முழுக்கத் தற்காலிகமானவற்றுக்கு. கான்கிரீட் அடித்தளம் போட்டு நிறுத்திய ஷெட்டுக்கு அது செல்லாது.

கம்பெனியாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கம்பெனிச் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணைப்படி தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 வருட ஆயுள், ஆழ்குழாய்க் கிணற்றுக்கு 5 வருடம். வரிக்கு எடுத்த 10 சதவீதத்தையே பேலன்ஸ் ஷீட்டிலும் போட்டு வைப்பது சோம்பேறித்தனம். சிப்காட்டில் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மனையையும் சொந்த நிலம்போல மதிப்பைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கக் கூடாது; கட்டிய தொகையைக் குத்தகைக் காலம் முழுக்கப் பிரித்து எழுத வேண்டும். ஆனால் வரிக் கணக்கில் இதற்குத் தேய்மானம் கேட்டால் தகராறுதான்.

ஆரம்பத்தில் பிரிக்காமல் விட்டது விற்கும்போதுதான் கடிக்கும். தேய்மானம் எடுத்த கட்டடத்தில் வரும் லாபம் எத்தனை வருடம் கழித்து விற்றாலும் குறுகிய கால லாபம். நிலமோ 24 மாதம் தாண்டினால் நீண்ட கால லாபம், வரி 12.5 சதவீதம். எல்லாமே 'பில்டிங்' என்று எழுதி வைத்திருந்தால், விலை ஏறியதே நிலத்தால்தான் என்று அன்றைக்கு நீங்கள் அதிகாரியிடம் மன்றாட வேண்டியிருக்கும். உங்கள் சொந்தப் புத்தகமே எதிர்சாட்சி சொல்லும்.