இரண்டு ரேமும் இருந்தது, இடம்தான் பிழை

மூன்று நாள் அலைந்து இன்றுதான் சரிவந்தது, பெரிய நிம்மதி. கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு போதாததால் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, ரேமுக்கு நான்கு ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்ட் என்று பம்பலப்பிட்டியில் வாங்கிக் கணினி பூட்டினேன். விண்டோஸ் நல்ல வேகம். கேம் திறந்தால் மட்டும் படம் விட்டுவிட்டு ஓடியது.

டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். கொழும்பு வெக்கையோ என்று பார்த்தால் சூடு 70 பாகையைத் தாண்டவில்லை. பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) கிராபிக்ஸுக்கான நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை.

டாஸ்க் மேனேஜர் '4இல் 2 ஸ்லாட்' என்று காட்டியதை நம்பியதுதான் பிழை. ரேம் எந்தச் சேனலில், அதாவது பிராசஸருக்குத் தரவு போகும் எந்தப் பாதையில், இருக்கிறது என்பதை அது சொல்லாது. கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தேன்: சிங்கிள் சேனல், 1200 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் அதை இரட்டிக்க வேண்டும், அதாவது 2400. ரேம் இரண்டும் பிராசஸருக்குப் பக்கத்து 1, 2ஆம் ஸ்லாட்டில் ஒட்டி இருந்தன. இரண்டும் ஒரே சேனல்.

மின்சாரத்தை நிறுத்தி, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4இல் மாற்றினேன், சேனலுக்கு ஒன்று. பயோஸில் ரேமை அதன் முழு வேகமான 3200இல் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட்டேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பகிர்கிறது. முன்பு அதற்குக் கிடைத்த உச்சம் செக்கனுக்கு 19.2 ஜிபி, இப்போது 51.2.

ஒரே 16 ஜிபி ரேம் மலிவு என்று கடையில் தந்தாலும் இந்தச் சிப்புக்கு வாங்காதீர்கள், ஒன்று மட்டும் என்றால் ஒரே சேனல்தான்.