தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றான தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயரின் வரைபடத்தை முதலில் பாருங்கள். உளுந்து வடை மாதிரி இருக்கும். நடுவில் உள்ள துளைதான் கேம்பிரிட்ஜ் நகரம். வடை சுமார் 900 சதுர கிலோமீட்டர், துளை 41 சதுர கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அந்தத் துளை வடையில் சேராது. கேம்பிரிட்ஜுக்குத் தனி மன்றம், தனி எல்லை, தனி மக்கள்தொகைக் கணக்கு. இந்த ஒன்றைக் கவனிக்காமல்தான் பலர் கிங்ஸ் கல்லூரியையும் டிரினிட்டி கல்லூரியையும் கொண்டுவந்து தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயரின் சிறப்புகளில் சேர்த்துவிடுகிறார்கள்.

கடன் வாங்கிப் பெருமைப்பட வேண்டிய பகுதி இல்லை இது. மனித மரபணுத் தொகுதியை முதன்முதலில் வாசித்த பன்னாட்டுத் திட்டத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலையைச் செய்து முடித்த சாங்கர் நிறுவனம் இங்குள்ள ஹிங்ஸ்டன் கிராமத்தில் இருக்கிறது. பழைய போர் விமானங்களைக் காண மக்கள் திரளும் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகமும் இங்கேதான். கல்லூரிகளை நகரத்துக்கே விட்டுவிட்டு இவற்றைப் பற்றி எழுதினால் கட்டுரை நிறையும்.

பெயரில் 'தெற்கு' இருப்பதும் ஆளை ஏமாற்றும். நகரத்துக்கு வடக்கே உள்ள காட்டன்ஹாம், வாட்டர்பீச், வில்லிங்ஹாம் எல்லாம் தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயரில் சேர்ந்தவைதான். பகுதி நகரத்தைச் சுற்றி நாலு பக்கமும் பரவியிருக்கிறது. 'கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே அமைந்துள்ளது' என்று தொடங்கும் கட்டுரை முதல் வரியிலேயே தவறிவிடுகிறது.

பெயரின் கதை 1974இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, செஸ்டர்டன் ஊரகப் பகுதியும் தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் ஊரகப் பகுதியும் ஒன்றாகி இன்றைய பகுதி பிறந்தது. அதாவது, 1974க்கு முன்பும் இதே பெயரில் ஒன்று இருந்தது, ஆனால் அது சிறியது. 1961 கணக்கெடுப்பில் 'தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர்' என்ற வரியில் இருக்கும் எண்ணை எடுத்து, 2021இல் இருக்கும் சுமார் 1,62,000 பேரோடு ஒப்பிட்டு, 'மக்கள்தொகை இத்தனை மடங்கு பெருகியது' என்று எழுதினால் அது வெறும் எல்லை மாற்றத்தைப் பிள்ளைப்பேறாகக் காட்டுவது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் பழைய இரண்டு பகுதிகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தமிழில் எழுதும் நமக்கே உரிய சிக்கல். 'டிஸ்ட்ரிக்ட்' என்பதை 'மாவட்டம்' என்று போட்டவுடன் வாசகர் மனதில் ஓர் ஆட்சியர் அலுவலகம் எழுந்துவிடுகிறது. இங்கே ஆட்சியர் கிடையாது. அரசு அனுப்பிய அதிகாரி யாரும் தலைமை தாங்குவதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 45 கவுன்சிலர்கள் கொண்ட மன்றம்தான் எல்லாம். அதற்கு மேலே, பல டிஸ்ட்ரிக்டுகளை உள்ளடக்கிய கவுண்டிக்கு இன்னொரு மன்றம் இருப்பதால், கவுண்டியையும் மாவட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டால் குழப்பம் முழுமையாகிவிடும். என் வழக்கம், கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிட்டு, டிஸ்ட்ரிக்டை 'உள்ளாட்சிப் பகுதி' என்று எழுதுவது. அழகான சொல் இல்லைதான், ஆனால் பொய் சொல்லாது.

கீழ் அடுக்கில் இன்னொரு கண்ணி. 'பாரிஷ் கவுன்சில்' என்பதைப் 'பங்குப் பேரவை' என்று எழுதிவிட்டால் நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைத் திருச்சபையிடமிருந்து பிரித்துவிட்டது. இன்றைய பாரிஷ் மன்றம் விளையாட்டுத் திடல், இடுகாடு, ஊர்ப் பொதுக்கூடம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊர் மன்றம். தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் முழுக்க இப்படிப் பாரிஷ்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவிலிருக்கும் கேம்பிரிட்ஜில் ஒன்றுகூட இல்லை.

சரி, யார் எதைச் செய்கிறார்கள்? குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வீட்டு வசதி, கவுன்சில் வரி வசூல் ஆகியவை தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் மன்றத்தின் வேலை. பள்ளிகள், சாலைகள், நூலகங்கள், முதியோர் பராமரிப்பு ஆகியவை கவுண்டியின் வேலை. வரியை வசூலிப்பது கீழ் மன்றம் என்றாலும் அதில் பெரும்பங்கு கவுண்டிக்குப் போய்விடும். அதனால் 'இந்த மன்றம் இத்தனை பள்ளிகளை நடத்துகிறது' என்ற வரியைக் கண்டால் அடித்துவிடுங்கள். பேருந்துப் போக்குவரத்துக்கு இன்னொரு அமைப்பு: 2017இல் உருவான கேம்பிரிட்ஜ்ஷயர் மற்றும் பீட்டர்பரோ ஒருங்கிணைந்த ஆணையம். அதன் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சடங்குகளுக்கு மட்டும் சங்கிலி அணிந்து வரும் கேம்பிரிட்ஜ் நகர மேயர் வேறு, இவர் வேறு. தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் மன்றத்துக்கென்று தனியாக மேயரே இல்லை.

'கேம்பிரிட்ஜ்ஷயர்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. சம்பிரதாயக் கவுண்டி, அதாவது மன்ற ஆளுகையைப் பார்க்காமல் சடங்குகளுக்காக வகுத்த எல்லை, என்றால் அதில் பீட்டர்பரோ நகரம் உண்டு. கவுண்டி மன்றத்தின் ஆளுகை என்றால் இல்லை, 1998இலேயே பீட்டர்பரோ தனித்துப் போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு மக்கள்தொகை எண்கள் கண்ணில் படுவது இதனால்தான். 2021 கணக்கில் வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கு மேல்.

அப்புறம் அஞ்சல் முகவரி. ஆட்களை மிக எளிதாகத் தவறவைப்பது இதுதான். மெல்போர்ன் என்ற ஊரின் முகவரியில் 'ராய்ஸ்டன்' என்று இருக்கும். ராய்ஸ்டன் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ளது. காம்லிங்கே ஊருக்கு வரும் கடிதத்தில் 'சாண்டி' என்றிருக்கும். அது பெட்ஃபோர்ட்ஷயர். இரண்டு ஊர்களும் தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயரில்தான் இருக்கின்றன. அஞ்சல் துறை கடிதம் பிரிக்கும் வசதிக்காகப் போட்ட கோடு அது, ஆட்சி எல்லை இல்லை. முகவரியில் 'கேம்பிரிட்ஜ்' என்றிருக்கும் எத்தனையோ கிராமங்கள் நகர எல்லைக்கு வெளியே இருப்பதும் அப்படித்தான். நகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்ச்சர்டு பார்க் குடியிருப்பில் நின்று பார்த்தால் நகரத்துக்குள் நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே குப்பைத் தொட்டியை எடுக்கச் சொல்லவேண்டிய மன்றம் தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர்.

நிறுவனத்தின் பெயரும் இடத்தைச் சொல்லிவிடாது. இதய அறுவைக்குப் புகழ்பெற்ற ராயல் பாப்வர்த் மருத்துவமனை பல பத்தாண்டுகள் பாப்வர்த் எவரார்டு கிராமத்தில் இருந்தது. 2019இல் கேம்பிரிட்ஜ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயர் மாறவில்லை, உள்ளாட்சிப் பகுதி மாறிவிட்டது. மன்ற அலுவலகங்களும் இடம் மாறியிருக்கின்றன. தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் மன்றம் 2004இல் கேம்பிரிட்ஜ் நகரத்தை விட்டுத் தன் எல்லைக்குள்ளேயே உள்ள கேம்போர்னுக்கு வந்தது. கவுண்டி மன்றம் 2021இல் அல்கன்பரிக்குப் போனது. பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இரண்டையும் இன்னும் கேம்பிரிட்ஜிலேயே வைத்திருக்கிறார்கள்.

நாடாளுமன்றத் தொகுதிக்கும் இதே பெயர் உண்டு, எல்லை ஒன்றல்ல. மன்றத்தின் தலைமையகமான கேம்போர்ன் 2024 முதல் செயின்ட் நியோட்ஸ் மற்றும் மத்திய கேம்பிரிட்ஜ்ஷயர் தொகுதியில் இருக்கிறது. தொகுதித் தேர்தல் முடிவை வைத்து இந்த மன்றத்தின் அரசியலை எழுதினால் வேறொரு மக்கள் கூட்டத்தைப் பற்றி எழுதியதாகிவிடும்.

எண்ணை எடுக்கும்போது புள்ளியியல் அலுவலகத்தின் குறியீட்டையும் பாருங்கள். தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயருக்கு E07000012, கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு E07000008. பெயர் ஏமாற்றும் இடத்தில் குறியீடு ஏமாற்றாது. இந்த ஈரடுக்கு முறையை முடித்துக்கொண்டு ஒற்றை அடுக்கு மன்றங்களைக் கொண்டுவரப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. கேம்பிரிட்ஜ்ஷயரும் அதில் அடக்கம். ஆகவே மன்றத்தைப் பற்றிய எந்த வரியிலும் 'தற்போது' என்று எழுதாமல் ஆண்டைப் போட்டு எழுதுங்கள்.