தகடு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்

போன மாதம் மேலப்பாளையத்துத் தம்பி ஒருவர் தன் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "அண்ணாச்சி, புதுத் தகடு எல்லாம் வைத்தாகிவிட்டது. கதவுதான் சாத்த மாட்டேன் என்கிறது" என்றார். கீல் தேய்ந்திருக்கும் என்பது அவர் எண்ணம். நான் குனிந்து கதவுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் பளபளவென்று புதுத் தகடு. வயிறு கலங்கிவிட்டது. என் முதல் காரில் நான் செய்ததும் இதேதான்.

போல்ட்டை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுவது, போட்டோ எடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய காரைப் புதுப்பிக்கும்போது சொல்லியும் கேட்காமல் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு ரன்னிங் போர்டையும் ஒரே நேரத்தில் வெட்டுவது

கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்போம். மூடிய காரில் பாரத்தைக் கூரையும் பங்குபோட்டுக்கொள்ளும். ஸ்பிட்ஃபயருக்கு இருப்பது துணிக்கூரை. அது எதையும் தாங்காது. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்று அடுக்காக இருக்கும் அந்தப் பெட்டிதான் கார் நடுவில் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் பக்கம் இந்தத் தவறு வருவதற்கு ஹெரால்டு பழக்கம் ஒரு காரணம். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. எஞ்சின் குடும்பமும் ஒன்று. ஹெரால்டு கட்டிப் பழகிய கை இதையும் அப்படியே நினைத்துவிடுகிறது. ஆனால் ஹெரால்டு சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, காரின் ஓரத்தைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயருக்காகச் சேஸிஸைக் குறுக்கியபோது அவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பை ரன்னிங் போர்டிடம் கொடுத்தார்கள்.

என் காரை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் ஒரே மதியத்தில் அறுத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மாதம் வெல்டிங் வைத்துக் கதவை மாட்டினால், அதன் பின்மேல் மூலை தூணில் முட்டியது. மேலே காகிதம் நுழையவில்லை. கீழே சுண்டுவிரல் நுழைந்தது. கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வோடேயே பற்றவைத்து உறுதியாக்கியிருக்கிறேன். அத்தனையையும் திரும்ப அறுத்தேன். தகட்டுக் காசு போனது போகட்டும், அந்த ஒன்றரை மாத உழைப்பு இன்றும் உறுத்துகிறது.

உடம்பைச் சேஸிஸிலிருந்து இறக்காதீர்கள். சேஸிஸை மட்டம் பார்த்து நிறுத்துங்கள். முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே, கதவுக்கு இடைஞ்சல் இல்லாமல் உள்பக்கமாக, சதுர இரும்புக் குழாய் ஒன்றைப் பற்றவையுங்கள். மேலும் கீழும் இடைவெளியை அளந்து, அழியாத இடத்தில் எழுதிவையுங்கள். புதுத் தகட்டுக்கு முதலில் அங்கங்கே புள்ளி வைத்தால் போதும். கதவை மாட்டிச் சாத்திப் பார்த்த பிறகு முழு வெல்டிங். ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பட்டி பூசி ஓட்டையை அடைப்பது

பட்டி ஈரத்தை உறிஞ்சும். உவரி, திருச்செந்தூர் உப்புக்காற்றில் நின்ற காரென்றால் துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய காராக இருந்தால் பெட்டித் தகட்டுக்குள் வண்டல் தங்கியிருக்கும். எனக்கு வந்த ஒரு காரில் அரை வாளி எடுத்தேன். கழுவி, உலர்த்தி, பிறகு தகடு வையுங்கள்.

டேங்கைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பது

கூடவே கூடாது. சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி இன்னும் ஆபத்து.

ஆடி மாதத்தில் பெயிண்ட்

காற்று அடங்கட்டும்.

ஆர்.சி.யைக் கடைசியில் தேடுவது

சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும் பொருந்துகின்றனவா என்று காசு கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. வசதிக்காக வேறு எஞ்சினை இறக்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தத் தம்பியின் கார் இப்போது என் பட்டறையில் நிற்கிறது. இரண்டு கதவுத் திறப்பிலும் குழாய் வைத்து, ஜாக்கியால் நடுப்பாகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இடது பக்கம் அறுத்தாகிவிட்டது. வலது பக்கம் அடுத்த மாதம்.