கடையும் ஓடணும், படமும் வரையணுமா?
ஊர்லேர்ந்து வந்து பினாங்குல கடை போட்டு கூடவே படமும் வரையிறவங்களுக்கு ஒரு டிப்ஸ். ராத்திரி கடை சாத்திட்டு வரையலாம்னு வைக்காதீங்க, கணக்கு முடிச்சு உக்காந்தா தூக்கந்தான் வரும், லிட்டில் இந்தியாவுல காலையில கூட்டம் கம்மி, ஷட்டர பாதி எறக்கி வச்சுட்டு பசியாறுறதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் வரைஞ்சுருங்க, போன் மட்டும் கல்லாக்குள்ள கெடக்கட்டும். தீபாவளி சீசன்ல இது நடக்காது, விட்ருங்க. படம் வித்த காசுக்குத் தனி அக்கவுண்ட் வைங்க, கல்லாவுல போட்டா வாடகைக்கே போயிரும் லா. அப்புறம், எஸ்எஸ்எம்ல, அதான் மலேசியாவுல பிசினஸ் பதியிற அரசாங்க ஆபீஸ்ல, தனி ஆளா பிசினஸ் பதிய மலேசிய சிட்டிசனாவோ பிஆராவோ (நிரந்தரமா தங்க அனுமதி உள்ளவங்க) இருக்கணும், இல்லாதவங்க சென்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட்) கம்பெனி பத்தி விசாரிங்க, ஃப்ரெண்டு பேர்ல பதிஞ்சு வைக்கிற வேலையே வேணாம்.