ஜார்ஜ்டவுனை வகுப்போடு வரைபடமாக்குவது எப்படி? விரிவுரையாளர்களுக்கான முதல் பாடம்

வரலாறோ இலக்கியமோ கற்பிப்பவர் இணையத்தை வகுப்புக்குள் கொண்டுவர, சொந்த வரைபடம் உருவாக்க உதவும் கூகுள் மை மேப்ஸ் நல்ல தொடக்கம். நிரல் எழுத வேண்டாம், கட்டணமும் இல்லை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவு முழுவதும் என்று போனால் வேலை சிதறிவிடும். 30 மாணவர், ஆளுக்கு இரண்டு இடம் என்றால் 60 வரிசைதான். வரைபடத்தின் ஓர் அடுக்கு (ஒரு முறை இறக்கும் புள்ளிகளின் தொகுதி) 2,000 வரிசை வரை தாங்கும்.

1. அட்டவணை

உண்மையான பாடம் இங்கேதான் நடக்கிறது. வரைபடம் அதன் நிழல். கூகுள் ஷீட்ஸின் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை இடுங்கள்: பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கிய ஆண்டு, இன்றைய கட்டடத்தின் ஆண்டு, வகை, விளக்கம், சான்று.

ஆண்டுக்கு ஏன் இரண்டு பத்தி (நெடுவரிசை)? குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833இல் எழுந்தது என்பார்கள். 1801இலேயே அங்கே சிறு வழிபாட்டிடம் இருந்தது என்றும் சொல்வதுண்டு. ஒரே பத்தி இருந்தால் மாணவர் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு இருந்தால், எது எதன் ஆண்டு என்று தேடியே ஆக வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கைச் 'சான்று' பத்திக்குக் கொடுங்கள்.

ஆண்டுப் பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும். 'சுமார் 1800' என்று எழுதினால் மென்பொருள் அதைச் சொல்லாக எடுத்துக்கொள்ளும், பிறகு காலவாரியாக நிறம் பிரிக்க வராது. 'சுமார்' விளக்கத்துக்குப் போகட்டும்.

இன்னொரு தமிழ்ச் சிக்கல்: ஒருவர் 'கோயில்' என்பார், மற்றவர் 'கோவில்' என்பார், வரைபடத்தில் இரண்டு வகையாக நிற்கும். 'வகை' பத்திக்கு ஷீட்ஸின் டேட்டா வேலிடேஷன் (தரவு சரிபார்ப்பு) வழியாகத் தெரிவுப் பட்டியல் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

2. இடப்புள்ளி

முகவரியை நம்பாதீர்கள். பழைய ஆவணங்களில் பிட் ஸ்திரீட் என்றிருப்பது இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, கட்டடத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கினால் முதல் வரியில் அட்சரேகை, தீர்க்கரேகை என இரண்டு எண் வரும். அதைச் சொடுக்கினால் நகலாகிவிடும். கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். ஒட்டியபின் 'ஸ்பிளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொண்டு இரு பத்தியாகப் பிரியுங்கள்.

அட்சரேகை 5.4 அளவிலும் தீர்க்கரேகை 100.3 அளவிலும் இருக்க வேண்டும். மாறிப்போனால் புள்ளி விழாது, ஏனெனில் அட்சரேகை 90ஐத் தாண்டாது.

3. இறக்குமதி

மை மேப்ஸில் புதிய வரைபடம் திறந்து, 'இம்போர்ட்' அழுத்தி, கூகுள் டிரைவிலிருந்து அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை பத்திகளையும், தலைப்புக்குப் 'பெயர்' பத்தியையும் குறியுங்கள். பிறகு நிறத்தை 'வகை' பத்திப்படி பிரியுங்கள்.

புதியவர் தடுக்கி விழுவது இங்கேதான்: இறக்கியது ஒரு நகல். அட்டவணையில் பின்னர் திருத்தினாலும் வரைபடம் அசையாது. அடுக்கின் மூன்று புள்ளிப் பட்டியலில் மறு இறக்குமதி செய்தால்தான் மாறும். வாரம் ஒருமுறை விரிவுரையாளர் மட்டும் அதைச் செய்தால் போதும். மாணவருக்கு அட்டவணையில் மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். யார் எப்போது எதை அழித்தார் என்பது அதன் பதிப்பு வரலாற்றில் தெரியும்.

4. பகிர்வு

'இணைப்பு உள்ளவர் பார்க்கலாம்' என்று வையுங்கள். மாணவர் பெயர், மெட்ரிக் எண் பத்தி இருந்தால் இறக்குமதிக்கு முன் வேறு தாளுக்கு மாற்றுங்கள். அட்டவணையில் உள்ள எல்லாப் பத்தியும் புள்ளியைத் தொட்டவுடன் தெரியும். சில கல்லூரிக் கணக்குகளில் வெளிப்பகிர்வு அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே இணைப்பை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்குக்குள் நுழையச் சொன்னால் கதவு இன்னும் திறக்கவில்லை.